டேல்ஸ் பண்ணை வீடு: கல் சுவரில் ஓதம், சிமென்ட் பாயின்டிங்கை எடுக்கணுமா?

கேள்வி:
யார்க்‌ஷயர் டேல்ஸில் (வட இங்கிலாந்து) 17ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு, பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலில் இருக்கிறது. சுவர் 60 செ.மீ. சுண்ணாம்புக்கல், மூலைக்கல்லும் ஜன்னல் நடுத்தண்டுகளும் கிரிட்ஸ்டோன் (சொரசொரப்பான மணற்கல்). வெளியே முழுக்க சிமென்ட் பாயின்டிங், அதாவது கல்சந்துகளைச் சிமென்டால் அடைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு மீட்டர் உயரம் வரை பூச்சு பொரிந்து உப்புப் பூக்கிறது. ஓதம் ஏறாமல் தடுக்கச் சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில் 1:
வேண்டாம். அந்தச் சுவர் ஒரே கட்டி அல்ல. வெளிமுகம், உள்முகம், நடுவே உடைகல்லும் காரையும் போட்ட நிரப்பு. ஏற்றும் ரசாயனம் பொந்துகளில் ஓடிவிடும், தொடர்ச்சியான தடுப்பு உருவாகாது.

அந்தச் சுண்ணாம்புக்கல் தண்ணீரை அதிகம் குடிக்காது; சுவர் காய்வது பெரும்பாலும் சந்துகள் வழியாகத்தான். சிமென்டில் மயிரிழை வெடிப்பு விட்டால் மழை உள்ளே போகும், வெளியேற வழியிருக்காது. கிரிட்ஸ்டோன் ஓரங்கள் உதிர்வதும் இதனால்தான்.

ஆக, சிமென்டை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் வெளித்தரை மட்டத்தைப் பாருங்கள். உள்தரையைவிட 15–20 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். மழைநீர்க் குழாய்களையும் பாருங்கள். பாதி ஓதம் இங்கேயே தீர்ந்துவிடலாம்.

பதில் 2:
சிமென்டைச் சுத்தியலும் உளியும் வைத்தே எடுங்கள். கிரைண்டர் கல்லின் விளிம்பை அறுத்துவிடும். கல்லோடு சேர்ந்து பெயரும் இடத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆழம், சந்து அகலத்தைப் போல இரு மடங்கு. குறைந்தது 25 மி.மீ. தூசு தட்டி, நனைத்த பிறகே காரை.

என்எச்எல் 3.5 சுண்ணாம்பு (தண்ணீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு; எண் கூடினால் வலிமை கூடும்) 1 பங்கு, பருமட்டான மணல் 2.5 பங்கு. பெரிய பொந்தில் சில்லுக்கல் செருகுங்கள், காரையை மட்டும் திணித்தால் சுருங்கி வெடிக்கும். கல்லின் மேல் வழியவிடாதீர்கள். நகம் லேசாகப் பதியும் பதத்தில் முரட்டு பிரஷ்ஷால் குத்துங்கள். பிறகு ஒரு வாரமாவது ஈரச்சாக்கு. 5 டிகிரிக்குக் கீழே வேலையே வேண்டாம். இறுகாத சுண்ணாம்பை உறைபனி உதிர்த்துவிடும்.

பதில் 3:
காற்றும் மழையும் நேராக அடிக்கும் பக்கத்துக்கு 3.5 சரி. ஒதுக்குப்புறச் சுவருக்கு என்எச்எல் 2 போதும் என்பேன். சுவர் எங்காவது வயிறு தள்ளியிருந்தால் அங்கே கை வைக்காதீர்கள். இரு முகத்தையும் பிணைக்கும் நீளக்கற்கள் விட்டுப்போயிருக்கலாம், முதலில் பொறியாளர் பார்க்கட்டும்.

டேல்ஸ் தேசியப் பூங்கா ஆணையத்தின் மரபுக் கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். 1990ஆம் ஆண்டின் பட்டியல் கட்டடச் சட்டப்படி, பட்டியல் கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியில்லாமல் செய்வது குற்றம். ஒரு சதுர மீட்டர் மாதிரி செய்து காட்டினால் பேச்சு சுலபம்.

கேள்வி கேட்டவர்:
உள்ளே ஜிப்சம் பூச்சு. அதை எப்போது மாற்றுவது?

பதில் 1:
பொரிந்ததை இப்போதே தட்டிவிடுங்கள், புதுப்பூச்சுக்கு அவசரம் வேண்டாம். சுவரின் தடிப்பில் 25 மி.மீ. காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கணக்கு. இவ்வளவு தடித்த சுவருக்கு ஒரு வருடம் தாண்டும். அதன்பின் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பழையபடி உப்புப் பூக்கும்.