புதுப்பிப்பு: மரப்பெட்டி வால்வு ப்ரீஆம்ப், இரைச்சல் அடங்கியது

போன பதிவில் சொன்ன ப்ரீஆம்ப் (ஆம்ப்ளிஃபயருக்குப் போகும்முன் மெல்லிய ஒலி சிக்னலைத் தயார்படுத்தும் கருவி) ஞாபகம் இருக்கும்: தேக்குப் பெட்டி, 12ஏஎக்ஸ்7 வால்வு (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்), விடாமல் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியத்துக்கு மாறச் சொன்னீர்கள் பாதிப் பேர். மாறவில்லை. ஆனாலும் இரைச்சல் போய்விட்டது.

சுற்றியுள்ள மின் வயர்களிலிருந்து வந்து இரைச்சலாகும் மின்புலத்தை மரம் மறிக்காது. அதனால் உட்புறம் முழுக்க மெல்லிய செப்புத் தகடு ஒட்டி, எல்லா கிரவுண்டும் (சுற்றின் பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்பு) சேரும் புள்ளியில் இணைத்தேன். வால்வை உள்ளே சூடாக்கும் ஹீட்டருக்கு, ஏசி கொடுத்தால் அதுவும் இரையும் என்பதால், 12.6 வோல்ட் டிசி கொடுத்தேன். இரைச்சல் ரொம்பவே குறைந்தது, ஆனால் வால்யூம் குமிழைத் தொட்டால் மட்டும் சத்தம் மாறியது. உலோகப் பெட்டியில் வால்யூம் கண்ட்ரோலின் உடம்பு தானாகவே கிரவுண்ட் ஆகிவிடும். மரத்தில் அது அந்தரத்தில் நிற்கும். பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் சொன்னபடி அதன் முதுகைச் சுரண்டி, ஈயம் வைத்து ஒரு வயரை கிரவுண்டுக்கு இழுத்தேன். அதோடு சரி.

குமிழ்கள் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவரிடம் சொல்லிச் செய்தவை, அரக்குச் சிவப்பு. வீட்டில் எல்லாருக்கும் ப்ரீஆம்பைவிட அதுதான் பிடித்திருக்கிறது!

அப்புறம், செய்து பார்க்கிறவர்களுக்கு: உள்ளே 250 வோல்ட் ஓடுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். அது இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை விடாதீர்கள்.