வேலை இடத்தில் கீழ்ப்படிதல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபை வாலிபர் கூடுகையில் வேதாகமத்தில் 1 சாமுவேல் 15 படித்துக்கொண்டிருக்கிறோம். அமலேக்கியரோடு சேர்த்து அழித்துவிடக் கர்த்தர் சொன்ன ஆடுமாடுகளில் நல்லதையெல்லாம் தப்பவிட்டு, "பலியிடத்தான்" என்கிறான் ராஜாவாகிய சவுல். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்கிறார் தீர்க்கதரிசி சாமுவேல். பாட்டும் ஜெபமும் மட்டும் ஆராதனை ஆகிவிடாது என்பது எல்லாருக்கும் புரிந்தது.

அப்புறம் ஒரு தம்பி கேட்டான்: "கடையில் முதலாளி பில்லில் தொகையைக் குறைத்துப் போடச் சொல்கிறார். நான் என்ன செய்ய?" அவன் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

எபேசியர் 6 எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. அப்போஸ்தலர் 5:29 மனுஷரைவிட தேவனுக்கே என்கிறது. பொய்க் கணக்கு எழுதக்கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. தானியேல் புத்தகம் முதல் அதிகாரத்தில், ராஜாவின் உணவைச் சாப்பிட மனமில்லாத தானியேல் சண்டை போடவில்லை. பணிவாகக் கேட்டு, காய்கறியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பார்க்கச் சொன்னார். அந்த வழி இங்கே எப்படிப் பொருந்தும்?

இந்த நிலையில் நின்றவர்கள் என்ன வார்த்தை சொன்னீர்கள்? வேலை போனவர்கள் இருந்தால், சபை எப்படித் தாங்கியது? அதையும் மறைக்காமல் எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் ஞாயிறு கூடுகையில் பகிர்ந்துகொள்வேன். அந்தத் தம்பிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.