பத்து வயதுப் பிள்ளையைக் கடல் கடந்து போய்த் தத்தெடுக்கலாமா? ரீயூனியன் தமிழர்களிடையே ஒரு விவாதம்

தென்கரை ஆசிரியை (சேன் பியேர்)

தத்தெடுப்பதற்கான ஒப்புதலை நானும் என் கணவரும், பிரான்சின் ஒரு பகுதியான இந்தத் தீவின் தெபார்த்மான் (மாவட்ட) மன்றத்திடமிருந்து பெற்றிருக்கிறோம். சமூகப் பணியாளரும் உளவியலாளரும் எங்களோடு பலமுறை பேசிய பிறகு கிடைத்த அந்த ஒப்புதல் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையை, அல்லது உடன்பிறந்த இருவரை, வெளிநாட்டிலிருந்து ஏற்பதே எங்கள் விருப்பம். இந்தியா, கொலம்பியா ஆகிய இரு நாடுகளைப் பற்றியும் விசாரித்து வருகிறோம்.

கோயில் விழாக்களில் சந்திக்கும் உறவினர்கள், பால்மணம் மாறாத குழந்தையாக எடுத்தால்தான் ஒட்டும், பெரிய பிள்ளை ஒட்டாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கைக்குழந்தையைக் கேட்டு எல்லா நாட்டிலும் தம்பதியர் காத்திருக்கிறார்கள். எட்டு வயதைக் கடந்த பிள்ளையைக் கேட்டு வருகிறவர்கள் மிகச் சிலர். இந்தியாவின் 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகளே இதை ஒப்புக்கொள்கின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கேட்கும் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் 110 வரை அனுமதி உண்டு. பெரிய பிள்ளைகளுக்குப் பெற்றோர் கிடைப்பது அரிது என்பதால்தானே அந்த வரம்பைத் தளர்த்தியிருக்கிறார்கள்? இதைத் தவறென்று கருதுகிறவர்கள் காரணத்தோடு எழுதும்படி வேண்டுகிறேன்.

கீழைக்கரை முதியவர் (சேன் ஆந்த்ரே)

அம்மா, உங்கள் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் இந்தத் தீவில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் முதலில் க்ரூஸ் பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1962க்கும் 1984க்கும் இடையில் குறைந்தது 2,015 பிள்ளைகள் இங்கிருந்து ஐரோப்பாவிலுள்ள பிரான்சுப் பெருநிலத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று 2018இல் ஆய்வுக் குழு அறிக்கை அளித்தது. மக்கள் தொகை குறைந்துவந்த க்ரூஸ் போன்ற கிராமப்புறங்களுக்கு அவர்களை அனுப்பிய திட்டத்துக்குப் பின்னால், அன்று நம் தீவின் பிரெஞ்சு நாடாளுமன்றப் பிரதிநிதியாக இருந்த மிஷேல் தெப்ரே நின்றார். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் பலர், விடுமுறைக்குப் பிள்ளை திரும்பிவிடும் என்று நம்பிக் கைநாட்டு வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் கைக்குழந்தைகள் அல்லர்; தாயின் முகமும் வீட்டு வாசலும் நம் தீவு மொழியான கிரேயோல் பேச்சும் நினைவில் பதிந்தபின் கொண்டுபோகப்பட்டவர்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் தன் தார்மீகப் பொறுப்பை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்ற 2014 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றும், வறுமையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த நாம், இன்னொரு ஏழைத் தாயின் பிள்ளையைக் கூட்டிவர விமானம் ஏறுவதை என் மனம் ஏற்கவில்லை.

தென்கரை ஆசிரியை

ஐயா, அந்த வரலாற்றை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறேன். அதன் கனம் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நடந்தது பெற்றோரை ஏமாற்றிப் பெற்ற சம்மதம். வெளிநாட்டுத் தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை அத்தகையதைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. பிள்ளை பிறந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் பணத்துக்காகப் பெறப்பட்டதாக இருக்கக் கூடாது. பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும். இந்தியாவில் ஐந்து வயது நிறைந்த பிள்ளையின் சம்மதம் கட்டாயம். பிரான்சிலும் 2022 பிப்ரவரிச் சட்டத்துக்குப் பிறகு, யாரும் தாமாகவே ஒரு நாட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தேட முடியாது. அரசின் அமைப்பு அல்லது உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். நடந்த அநீதியைக் காரணம் காட்டி, குடும்பம் இல்லாமல் நிற்கும் பிள்ளையைப் பதினெட்டு வயதுவரை ஆதரவற்றோர் இல்லத்திலேயே விட்டுவிடுவது எந்த வகையில் நீதியாகும்?

சமூகப் பணியில் இருப்பவர் (சேன் போல்)

சட்டம் இருப்பதாலேயே நடைமுறை தூய்மையாகிவிடாது, சகோதரி. உடன்படிக்கைக்குப் பின்னரும் பல நாடுகளில் பொய்ப் பிறப்புச் சான்றிதழ்களும் பெற்றோர் அறியாத சம்மதக் கடிதங்களும் வெளிவந்திருக்கின்றன. இதை விசாரிக்கப் பிரெஞ்சு அரசே 2022இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2024 மார்ச்சில் வெளியானது. நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே முடித்துக்கொள்ள முடிவெடுத்துவிட்டது. சீனா 2024இல் கதவை மூடியது. பிரான்சுக்கு 2005இல் வெளிநாடுகளிலிருந்து 4,136 பிள்ளைகள் வந்தார்கள். 2022இல் வந்தவர்கள் 232 பேர் மட்டுமே.

பிள்ளையின் சம்மதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஏழு வயதுப் பிள்ளையிடம் புதிய தாய் தந்தையரின் நிழற்படங்களைக் காட்டி, போகிறாயா என்று கேட்டால், அது போகிறேன் என்றுதான் சொல்லும். எதை விட்டுப் போகிறது என்பது அதற்கு அப்போது தெரியாது. பேச்சு, உணவு, தோழர்கள், பெரும்பாலும் ஓர் அண்ணனோ தங்கையோ, எல்லாம் ஒரே பயணத்தில் கைவிட்டுப் போகின்றன. இங்கு வந்தபின் சில மாதங்கள் எல்லாம் நன்றாகத் தோன்றும். பிறகுதான் அந்தத் துக்கம் கோபமாகவோ மௌனமாகவோ வெளிப்படும். அந்தக் கட்டத்தில் தளர்ந்துபோகும் பெற்றோரை என் பணியில் கண்டிருக்கிறேன். இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைக்குக் கோயிலும் காவடியும் பழகியவை என்று நம்மில் சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் பேசுவது கிரேயோல். தமிழ்நாட்டுப் பிள்ளை இரவில் பயந்து விழித்தால் அதனோடு தமிழில் பேச எத்தனை வீடுகளால் முடியும்?

நம் தீவிலேயே, தற்காலிகமாகப் பேணும் வளர்ப்புக் குடும்பங்களை எதிர்பார்த்து இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களை ஏற்க விமானம் ஏற வேண்டியதில்லை. தங்கள் தாயைப் பார்க்கும் உரிமையையும் அவர்கள் இழக்க வேண்டியதில்லை.

தத்துத் தாய் (லெ தம்போன்)

கொலம்பியாவில் ஒன்பது வயதில் எங்களிடம் வந்த மகனை வளர்த்துவருகிறேன். சமூகப் பணியாளர் சொன்ன துக்கம் உண்மை. எங்கள் வீட்டிலும் அது வந்தது, இன்றும் முழுமையாக நீங்கவில்லை. ஆனால் அந்தத் துக்கம் தத்தெடுப்பால் மட்டும் வந்ததன்று. இல்லத்தில் இருந்தபோதே அவன் அதைச் சுமந்துகொண்டிருந்தான், ஆறுதல் சொல்ல யாரும் இல்லாமல்.

பயணத்தைப் பற்றி, அனுபவத்தில் அறிந்ததைச் சொல்கிறேன். பிள்ளையைச் சந்தித்த மறுநாளே திரும்பிவிட முடியாது. சில வாரங்கள் அந்த நாட்டிலேயே சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் நீதிமன்றத் தீர்ப்பு வரும். அந்த வாரங்களில் அங்கே மொழி தெரியாதவர்கள் நாங்கள்தாம். கடையில் பேசியவனும் வழி கேட்டவனும் எங்களுக்குச் சாப்பாடு சொன்னவனும் அவனே. எங்களைவிட அவன் வல்லவனாக இருந்த அந்த நாள்கள்தாம் எங்களுக்குள் நம்பிக்கையை வளர்த்தன என்று உறுதியாக எண்ணுகிறேன். புறப்படுமுன் ஆறு மாதமாவது ஸ்பானியம் படியுங்கள்; தமிழ்நாட்டுக்குப் போவதென்றால் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு நில்லாமல் பேசப் பழகுங்கள். அவனுடைய பெயரை நாங்கள் மாற்றவில்லை. அவன் அக்கா அங்கே வேறொரு குடும்பத்தில் இருக்கிறாள். அவளோடு வாரந்தோறும் காணொளியில் பேசுகிறான்.

வளர்ப்புக் குடும்பமாக இருப்பது உயர்ந்த பணி. ஆனால் பெற்றோர் உள்ள பிள்ளையைத் தற்காலிகமாகப் பேணுவதும், திரும்பிப் போக வீடே இல்லாத பிள்ளைக்குப் பெற்றோராவதும் இருவேறு தேவைகள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுக்க முடியாது.

கீழைக்கரை முதியவர்

உங்கள் மகன் அக்காவோடு பேசுவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அது உங்கள் நற்குணத்தால் கிடைத்தது. சட்டம் தந்த உரிமையன்று. நாளை வேறொரு குடும்பம் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டால் கேட்பார் இல்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் எளிய தத்தெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் பிறந்த குடும்பத்து உறவு அறுவதில்லை. நினைவு தெரிந்த பிள்ளைக்கு அதையல்லவா கேட்க வேண்டும்? முழுத் தத்தெடுப்பு, பிறந்த வீட்டைச் சட்டத்தின் கண்ணில் இல்லாததாக்கிவிடுகிறது. க்ரூஸ் பிள்ளைகள் பலர் முதுமையில் தங்கள் கோப்புகளைத் தேடி அலைந்ததை நாம் பார்த்தோமே.

சமூகப் பணியில் இருப்பவர்

ஐயா சொல்வது நியாயமான விருப்பம். ஆயினும் வெளிநாட்டுத் தீர்ப்பு பழைய உறவை முற்றிலும் மீளாதபடியும் அறுக்குமானால், பிரெஞ்சுச் சட்டம் அதை முழுத் தத்தெடுப்பாகவே ஏற்கிறது. இந்தியாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு நடைமுறையில் அதுவே நிகழ்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை தம்பதியிடம் இல்லை. உறவைக் காக்க வேண்டுமானால் அதைப் பெற்றோர் தாமாகவே செய்தாக வேண்டும். அதனால்தான் நான் தயங்குகிறேன்.

தென்கரை ஆசிரியை

உடன்பிறந்தோரைப் பிரிக்கும் எந்தப் பரிந்துரையையும் ஏற்பதில்லை என்று என் கணவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். அதனால் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தாலும் சரி. தம்பதியில் இளையவருக்கும் பிள்ளைக்கும் இடையே ஐம்பது வயதுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்ற பிரெஞ்சு விதி எங்களுக்குத் தடையாகாது. பிள்ளையின் கோப்பிலுள்ள ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டுப் பெறுவோம். பெயரை மாற்ற மாட்டோம். இந்தியாவுக்கு இரண்டாண்டுகள் அனுப்ப வேண்டிய கண்காணிப்பு அறிக்கைகளை ஒரு சடங்காக எண்ணாமல், துக்கம் வெளிப்படும் காலத்தில் உதவி கேட்கும் வாய்ப்பாகப் பயன்படுத்துவோம்.

முதியவர் ஐயாவோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. பறித்துக்கொண்டு போனதும், யாரும் கேட்டு வராத பிள்ளையிடம் போய் நிற்பதும் ஒன்றல்ல என்றே கருதுகிறேன். லெ தம்போன் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மகன் பள்ளியில் சேர்ந்தபோது, பிரெஞ்சு தெரியாமல் வரும் மாணவர்களுக்கான வகுப்பு உங்கள் ஊரில் கிடைத்ததா, அல்லது வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்ததா? எங்கள் பகுதியில் அதைப் பற்றி இப்போதே பேசிவைக்க விரும்புகிறேன்.

தத்துத் தாய்

வேறு ஊருக்குத்தான் அனுப்பினோம். பிள்ளை வந்தபின் விண்ணப்பித்ததால் முதல் தவணை முழுவதும் இடம் கிடைக்கவில்லை. நீங்கள் பயணத் தேதி தெரிந்த உடனேயே பள்ளித் தலைவரைப் பாருங்கள். தீர்ப்பின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை ஒப்புதல் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அங்கிருந்தே செய்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.