புதுப்பிப்பு: அலுமினியத் துண்டின் அடர்த்தி 2.4 என வந்த சிக்கல் தீர்ந்தது

என் மகளின் செய்முறைப் பயிற்சியில் அலுமினியத் துண்டின் அடர்த்தி, 2.7 கிராம்/கன செ.மீ. என வருவதற்குப் பதிலாக 2.4 என்றே வருவதாகச் சென்ற வாரம் இங்கு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தராசைச் சந்தேகிக்கச் சொன்னவர்களின் யோசனைப்படி மீண்டும் நிறுத்தோம்; நிறை அதே 54 கிராம்தான். பிழை பருமனில் இருந்தது. துண்டின் அடியில் ஒரு குருட்டுத் துளை (மறுபக்கம் வரை செல்லாமல் பாதியில் நிற்கும் துளை) இருப்பதை, "துண்டைத் தலைகீழாகப் பார்த்தீர்களா?" என்று ஒருவர் கேட்ட பிறகே கவனித்தோம். துளை கீழ்நோக்கி இருக்குமாறு நூலில் கட்டி இறக்கியதால், அதில் சிக்கிய காற்றும் நீரை இடம்பெயரச் செய்து, அளவு ஜாடியில் 50 மி.லி.யில் நின்ற நீர்மட்டத்தை 72.5க்கு உயர்த்தியிருக்கிறது. துளை மேல்நோக்கி இருக்குமாறு சாய்த்து இறக்கியதும் ஒரு பெரிய குமிழி வெளியேறியது. மட்டம் 70 மி.லி.யில் நின்றது. 54 ÷ 20 = 2.7.

எதிர்பாராதது ஒன்று: ஈரத் துண்டை அப்படியே நிறுத்தபோது 54.6 கிராம் காட்டியது. ஆகவே நிறையை முதலில், உலர்ந்த நிலையில் அளப்பதே நல்லது.

இடமாறு தோற்றப்பிழையை, அதாவது நீர்மட்டத்தை நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்ப்பதால் வரும் அளவீட்டுப் பிழையை, சிலர் சுட்டியிருந்தனர். இரு அளவீடுகளையும் ஒரே கோணத்திலிருந்து எடுத்திருந்ததால், அது கழித்தலில் பெரும்பாலும் நீங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.