மறு: பி.எஸ்.எச்.சி.இ. பாடத்துக்குத் தமிழ்ப்பெயர்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ‘பர்சனல், சோஷியல், ஹெல்த், சிட்டிசன்ஷிப் எஜுகேஷன்’ (பி.எஸ்.எச்.சி.இ.) என்ற பள்ளிப் பாடத்துக்குத் தமிழ்ப்பெயர் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> ‘தனிநபர், சமூக, சுகாதார, குடியுரிமைக் கல்வி’ என்று நேராகப் போட்டுவிடலாமே. எல்லாம் அகராதியில் உள்ள சொற்கள்தானே?

அகராதியில் இருக்கின்றன, சரி. ஆனால் இது இங்கிலாந்து இடைநிலைப் பள்ளிகளில் நடக்கும் பாடம். பெயரைத் தமிழில் படிக்கப்போவது லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் அம்மா அப்பாக்கள். விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வருடக்கணக்கில் அலைந்தவரிடம் ‘குடியுரிமைக் கல்வி’ என்றால், பிள்ளைக்கும் ஏதோ குடியுரிமைப் பரீட்சை வைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். இந்தப் பாடம் பற்றி ஆலோசனை சொல்ல அரசு அமைத்த பெர்னார்ட் கிரிக் குழு 1998இல் சொன்னது சமூகப் பொறுப்பு, ஊர்க்காரியங்களில் ஈடுபாடு, அரசியல் அறிவு ஆகிய மூன்றை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாத பிள்ளையும் இதைப் படிக்கத்தான் வேண்டும். ஆகவே ‘குடிமை’. தமிழ்நாட்டுச் சமூக அறிவியல் நூலில் ‘குடிமையியல்’ இருப்பதால் அந்நியமாகவும் இராது.

‘சுகாதாரம்’ என்றதும் நமக்குக் கொசுமருந்தும் குப்பைவண்டியும்தான் ஞாபகம் வரும். வகுப்பில் பேசுவதோ மன அழுத்தம், தூக்கம், போதைப்பொருள், இதயம் நின்றவரை நெஞ்சை அழுத்தி மீட்பது. ‘நலம்’ பொருந்தும். (அதற்காகத் ‘தன்’னையும் ‘நல’த்தையும் ஒட்டித் ‘தன்னலக் கல்வி’ ஆக்கிவிடாதீர்கள்!)

> ‘வாழ்வியல் கல்வி’ போதாதா?

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வரலாறு, கலை, சமயம் எல்லாவற்றையும் ‘வாழ்வியற் களஞ்சியம்’ என்ற கலைக்களஞ்சியத்தில் அடக்கியது. அவ்வளவு பெரிய பாத்திரம் இதற்குத் தேவையில்லை. ‘வாழ்நலக் கல்வி’ என்பது என் முன்மொழிவு. வாழ்நாள் போல வாழ்நலம். வாயில் தடங்கலின்றி வருகிறது.

குடிமையை இதற்குள் கரைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் குடிமைப் பாடம் 2002 முதல் இடைநிலைத் தேசியப் பாடத்திட்டத்தில் கட்டாயம். மற்றது, அதாவது வாழ்நலக் கல்வி, அரசுப் பள்ளிகளில் மொத்தமாகக் கட்டாயமாகவில்லை. உறவுகள், பாலியல், உடல்நலம் பற்றிய பகுதிகளுக்கு மட்டும் 2020 செப்டம்பரில் கட்டாயம் வந்தது. பல பள்ளிகள் வசதிக்காக இரண்டையும் ஒரே பீரியடில் நடத்துகின்றன. அங்கே ‘வாழ்நல–குடிமைக் கல்வி’ எனலாம்.

இன்னொரு சிக்கல், பெற்றோருக்குப் போகும் கடிதம். பாலியல் பகுதியிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளக் கேட்கலாம். 16 வயது நிறைய மூன்று பருவம் இருக்கும்போது, பிள்ளை விரும்பினால் அதையும் படிக்கலாம். உறவுகள், உடல்நலம் இரண்டிலிருந்தும் விலக்கு கிடையாது. மொத்தத்தையும் ‘பாலியல் கல்வி’ என்று மொழிபெயர்த்தால், நட்பையும் இணையப் பாதுகாப்பையும் பற்றிய வகுப்புக்கும் சேர்த்து அப்பா ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். ‘உறவுக் கல்வி’யும் ஆகாது; ‘பாலியல்’ பக்கத்தில் நின்றால் ‘உடலுறவு’ என்றே காதில் விழும். ‘உறவுமுறை’ என்றால் அத்தை, மாமா. ‘உறவுநலம்’ என்று வைத்துப் பார்க்கிறேன். இதில் எனக்கே முழுத்திருப்தி இல்லை. மேலானது இருந்தால் தாருங்கள்.

அப்புறம், இந்தப் பாடத்தில் வரும் ‘கன்சென்ட்’ (ஒருவர் தானாக விரும்பி உடன்படுவது) என்ற சொல். சம்மதம் என்றால் பெண்பார்க்க வந்த வீடு, ஒப்புதல் என்றால் கையெழுத்து. நான் ‘இசைவு’ பக்கம். அதைத் தனி இழையில் பேசலாம்.

அன்புடன்,
ஓர் உறுப்பினர்