விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது வாய் வரமாட்டேன் என்கிறது

நெல்லை_டெனர்:
சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, பாடகர் குழுவில் பதினோரு வருடமாக டெனர், அதாவது ஆண்களில் மேல்குரல். போன ஆகஸ்டில் அம்மா போய்விட்டார்கள். கணையத்தில் புற்றுநோய், ஏழு மாதம். வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாச ஜெபம் வைத்தோம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், ஜெபக்குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே, "வீட்ல யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கு" என்றார். அந்த யாரோ நான்தானோ என்று அன்று ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை.

பாட்டெல்லாம் பாடிவிடுகிறேன். எல்லாரும் எழுந்து, இன்னின்னதை நம்புகிறேன் என்று அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லும்போதுதான் வாய் பூட்டிக்கொள்கிறது. பாட்டு எண் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அங்கியை மாட்டிக்கொண்டு இப்படி நிற்பது நடிப்பு இல்லையா? குழுவிலிருந்து விலகிவிடலாமா?

ஜெபவீரன்77:
யாக்கோபு 1:6 வாசியுங்கள் பிரதர். "சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்." உபவாசித்து ஜெபியுங்கள், சரியாகிவிடும்.

பரங்கிமலைக்காரன்:
உபவாசம் இருந்தோம் என்றுதானே அவர் எழுதியிருக்கிறார்!

நான் கத்தோலிக்கன். இயேசுவின் சீடரான தோமா ஈட்டியால் குத்துப்பட்டு இறந்தது எங்கள் பரங்கிமலையில்தான் என்பது மரபு. இயேசு உயிர்த்தெழுந்ததை நம்ப, அவர் காயத்தில் விரலை விட்டுப் பார்க்கவேண்டும் என்று தோமா கேட்டதையே எல்லாரும் பேசுவார்கள். யோவான் 20:26ஐப் பாருங்கள். எட்டு நாள் கழித்து சீடர்கள் மறுபடி உள்ளே கூடியிருக்கிறார்கள், தோமாவும் கூடவே இருக்கிறார். "நான் நம்பவே மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஆளை யாரும் வெளியே அனுப்பவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. உங்களுக்கு எட்டு நாள் கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். அங்கியைக் கழற்றாதீர்கள்.

தமிழ்டீச்சர்_ஓய்வு:
தம்பி, முதலில் அந்தப் பெரியவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கும் ஒருவர் இதையே சொன்னார். டம்ளர்கூட அப்படித்தான் வைத்தார்!

முப்பது வருடம் வேற்றுமை உருபு நடத்தியவள் என்பதால் ஒன்று கேட்கிறேன். பிரமாணத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்திருக்கிறீர்களா? "பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்", "இயேசு கிறிஸ்துவையும்", "பரிசுத்த ஆவியையும்" என்று முதலில் வருவதெல்லாம் 'ஐ' உருபு, எல்லாம் ஆளைச் சொல்வது. பாவமன்னிப்பு, சரீரம் உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன் இதெல்லாம் கடைசியில்தான் வருகிறது. அங்கே உருபு கிடையாது, "உண்டென்று விசுவாசிக்கிறேன்".

'உன்னை நம்பித்தான் வந்தேன்' என்பதும் 'அது உண்டு என்று நம்புகிறேன்' என்பதும் ஒன்றா? அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தபோது, வண்டி வராது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்ன? என் வீட்டுக்காரர் போன பிறகு 'உண்டென்று' என்ற சொல் எனக்கு ரொம்ப நாள் தொண்டையில் நின்றது. 'தேவனை' மட்டும் எப்படியோ சொல்ல முடிந்தது. திட்டுவதற்காவது அவர் வேண்டியிருந்தாரே.

ஜெபவீரன்77:
டீச்சர், இலக்கணம் ரட்சிக்காது.

தமிழ்டீச்சர்_ஓய்வு:
ரட்சிக்காதுதான். தப்பாகப் படிப்பதைத் திருத்தும்.

நெல்லை_டெனர்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். குழுவில்தான் இருக்கிறேன். டீச்சர், போன ஞாயிறு 'தேவனை' என்பதைச் சொல்லிப் பார்த்தேன், வந்தது. 'கிறிஸ்துவையும்' வந்தது, 'ஆவியையும்' வந்தது. அப்புறம் நிறுத்திவிட்டேன். "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்பதைப் பக்கத்தில் நின்ற, பேஸ் (கீழ்க்குரல்) பாடும் அண்ணன் வழக்கம்போல ஊரே கேட்கிற மாதிரி சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றேன். பலகையைப் பார்க்கவில்லை.