பாடகர் யோசெப் ஷ்மிட்: இயற்கை மரணமா, சுவிட்சர்லாந்து செய்த கொலையா?

பழையதட்டு:
1942 நவம்பர் 16. சூரிச் பக்கம் கிரன்பாட் அகதி முகாமை ஒட்டிய ஒரு விடுதியில் இதயம் நின்று இறந்தார் யோசெப் ஷ்மிட். வயது 38. இன்று ருமேனியாவும் உக்ரைனும் பங்கிட்டிருக்கும் புக்கோவினாவில் பிறந்தவர். அங்குள்ள செர்னோவிட்ஸ் நகரின் யூத ஜெப ஆலயத்தில் வழிபாட்டுப் பாடகராக, அதாவது காண்டராகத் தொடங்கி, பெர்லின் வானொலியால் ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்றவர். ‘இயற்கை மரணம்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், சுவிஸ் அரசு செய்த கொலை.

நடுவாசல்:
கொலை என்பது பெரிய வார்த்தை சார். துரத்தியது நாஜிகள். சுவிஸ் உள்ளே விட்டது. பிரான்சிலேயே மாட்டியிருந்தால் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் போகும் ரயில்தான். அதோடு, 1937லேயே நியூயார்க் போய் கார்னகி ஹாலில் பாடியவர். அங்கேயே தங்கியிருக்கலாமே?

பழையதட்டு:
நடந்து முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் இப்படிச் சொல்லலாம். 1937ல் ஆஸ்திரியா இன்னும் ஹிட்லர் கைக்குப் போகவில்லை. அவருக்கு வீடு வியன்னாவில், அம்மா செர்னோவிட்ஸில். வியன்னா விழுந்ததும் பெல்ஜியம், அப்புறம் பிரான்ஸ், கடைசியில் 1942 அக்டோபரில் திருட்டுத்தனமாக சுவிஸ் எல்லை. ‘உள்ளே விட்டது’ என்கிறீர்கள். அந்த ஆகஸ்ட் 13ஆம் தேதி சுவிஸ் போலீஸ் போட்ட உத்தரவு என்ன? இனத்தின் பேரில் மட்டும் தப்பி வருகிறவர்கள், உதாரணமாக யூதர்கள், அரசியல் அகதிகள் அல்லர். திருப்பி அனுப்பாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

மேடைப்பித்தன்:
இடையில் ஒன்று. விக்கிகளில் ‘ஓபரா பாடகர்’, அதாவது மேடை இசைநாடகப் பாடகர், என்று போடுகிறார்களே, அது சரியா? மனிதர் ஐந்தடிகூட இல்லை. மேடை ஏறாமல் மைக்கில்தானே பாடினார்?

பழையதட்டு:
மைக்கில் பாடியதும் முழு ஓபராதான். 1929ல் இசையமைப்பாளர் மயர்பீரின் ஓபரா ஒன்றில் வாஸ்கோ ட காமா பாத்திரத்தை ஒலிபரப்பில் பாடித்தான் பெயர் வந்தது. ஜெர்மானிய ஓபரா அரங்குகள் உயரத்தைப் பார்த்தே கதவைச் சாத்தின. கடைசியில் மேடை கிடைத்தது நாடில்லாதவர் ஆன பிறகு: 1939, பிரஸ்ஸல்ஸ், லா போஎம் ஓபரா, ரோடால்ஃபோ வேடம். உச்சஸ்தாயியில் அவர் போடும் அந்த வேகமான அசைவுகள் இருக்கிறதே, அது இசைக்கல்லூரியில் வந்ததில்லை, ஜெப ஆலயத்தில் ஊறியது. அவருடைய வழிபாட்டுப் பாடல் தட்டு ஒன்றையும் ஓபரா தட்டு ஒன்றையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்கள், தெரியும்.

மேடைப்பித்தன்:
கேட்டேன். அந்த மேல் ஸ்வரம்! சரி, வாபஸ்.

நடுவாசல்:
குரல் பற்றி எனக்கும் தகராறு இல்லை. மரணத்துக்கு வருவோம். முகாமில் உடம்பு முடியாமல் போனதும் சூரிச் மாநில மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், தொண்டை அழற்சிக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். இதயக் கோளாறைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் அது அபூர்வமா?

பழையதட்டு:
கண்டுபிடிக்காமல் போவது வேறு. நெஞ்சு வலிக்கிறது என்று அவரே சொன்னார். காதில் போட்டுக்கொள்ளாமல் பழைய முகாமுக்கே திருப்பி அனுப்பினார்கள். பழைய நெசவாலைக் கட்டடம், படுக்க வைக்கோல், நவம்பர் குளிர். பாடகன் வேலையைத் தட்டிக்கழிக்க நடிக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள் போல. 1933 மே 9ஆம் தேதி அவருடைய படம் பெர்லினில் வெளியானபோது கூட்டம் தலைக்குமேல் தூக்காத குறை. மறுநாளே அதே ஊரில் நாஜிகளின் புத்தக எரிப்பு. பத்து வருஷம்கூட ஆகவில்லை, வைக்கோல் படுக்கைக்கு வந்துவிட்டார்.

நடுவாசல்:
இங்கேதான் உங்கள் வாதம் இடிக்கிறது. அதே வைக்கோலில் படுத்த மற்றவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா? எல்லையிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். ‘படகு நிரம்பிவிட்டது’ என்ற பொருளில் சுவிஸ் அமைச்சர் ஃபான் ஷ்டைகர் பேசியது அந்த ஆகஸ்டில்தான். கொலை என்று சொல்வதானால் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். உள்ளே வந்து, மருத்துவமனை வரை போன ஒரு பிரபலத்துக்கு அந்த வார்த்தையைக் கொடுத்தால், வாசலிலேயே விரட்டப்பட்டவர்கள் கணக்கில் வராமல் போகிறார்கள்.

பழையதட்டு:
அவர்களுக்கும் சொல்கிறேன், இவருக்கும் சொல்கிறேன். ‘யூதர்’ என்று காட்ட ஜெர்மானியக் கடவுச்சீட்டில் ஜே முத்திரை குத்த 1938ல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்ட நாடு அது. அதற்கு அவர்களுடைய குடியரசுத் தலைவரே 1995ல் மன்னிப்புக் கேட்டார். எல்லையில் விரட்டியதும் நெஞ்சுவலியை நம்பாததும் ஒரே கைவரிசை. தலைப்பை மாற்றப்போவதில்லை.

நடுவாசல்:
மாற்றச் சொல்லவில்லை. தலைப்பில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது, அதை எடுத்துவிடாதீர்கள்.